மதங்களைப் படிப்பது யார் வேலை?

(கோவையில் மில் தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் வாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. பஞ்சப்படி அல்ல, போனஸ் அல்ல, தோட்டக் கூலியும் அல்ல. இந்து மதம், பௌத்தம், சமணம் முதலிய ஆசிய நாட்டு மதங்களைச் சர்வகலாசாலைகளில் மேற்படிப்பாகப் படிக்கிறார்களே, அதைப் பற்றிப் பேச வேண்டும். நோட்டீசைப் பார்த்த ஒரு தோழர், "ஏனுங்க தோழர், மடத்துல பேச வேண்டியத மில்லு வாசல்ல பேச வந்திருக்கீங்களே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் மடத்தில் பேச வேண்டியது என்று யார் தீர்மானித்தது? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் சங்கத்துத் தொழிலாளி ஒருவர், ரிங் பிரேமில் நிற்பவர். அவர் மகள் பி.ஏ. தேறிவிட்டாள். அடுத்து எம்.ஏ.வில் தத்துவமும் சமயங்களும் படிக்க ஆசைப்படுகிறாள். வீட்டில் ஒரே வாக்குவாதம். தாயார் கேட்கிறார்: "அதப் படிச்சா சோறு போடுமா அம்மிணி?" மாமன் கேட்கிறார், அவரும் சங்கத்துக்காரர்: "மதத்தின் பேரால நாட்டுல நடக்கறது போதாதா? நம்ம புள்ளையும் போயி அதையே படிக்கோணுமா?" தகப்பனார் என்னிடம் வந்து, நீங்களே சொல்லுங்கள் என்றார். இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. நம் பிள்ளைகள் கல்லூரி வாசல் ஏறிய பிறகு எந்தப் படிப்பு நமக்கு உரியது, எது உரியதல்ல என்கிற கேள்வி.

மாமன் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மார்க்ஸ் மதத்தை அபினோடு ஒப்பிட்டார் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். 1844இல் அச்சான கட்டுரை அது. அபின் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தப் பத்தியை முழுதாகப் படிக்காமல் விட்டவர்கள் நம்மிலும் உண்டு. அதே பத்தியில் அவர் அபினைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதைத் தேட வைக்கிற வலியைப் பற்றியும் பேசுகிறார். வலி எங்கே இருக்கிறது என்று பார்க்காத வைத்தியன் என்ன வைத்தியன்? அந்தக் கட்டுரையை எழுதிய மனிதர், மதத்தைத் தத்துவமாக ஊன்றிப் படித்தவர்களோடு வருஷக்கணக்கில் வாதாடிய பிறகே அதை எழுதினார். படிக்காமல் திட்டவில்லை.

சரி, ஜெர்மனிக்குப் போவானேன்? நம் பக்கத்துக்கே வருவோம்.

மணிமேகலைக் காப்பியத்தில் இருபத்தேழாவது காதை ஒன்று இருக்கிறது. மணிமேகலை வஞ்சி நகருக்குப் போகிறாள். அந்த வஞ்சி நம்முடைய கரூர்தான் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. மலையாள நாட்டுக் கொடுங்கல்லூர்ப் பக்கம் என்பாரும் உண்டு. அந்தச் சண்டை இப்போது வேண்டாம். அங்கே அவள் என்ன செய்கிறாள்? வரிசையாகப் பத்து ஆசிரியர்களிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், சமணர், சாங்கியர், வைசேடிகர், கடைசியில் பூதவாதி. இன்றைக்கு எம்.ஏ. வகுப்பில் மதங்களை ஒப்பிட்டுப் படிப்பது என்கிறார்களே, அது தமிழில் ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு அக்கம்பக்கத்திலேயே பாட்டாக எழுதப்பட்டுவிட்டது.

அதில் ஒரு செய்தியை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். மணிமேகலை தன் சொந்த உருவத்தில் அந்த ஆசிரியர்களிடம் போகவில்லை. இளம் பெண்ணுக்கு எவரும் தங்கள் தத்துவத்தைச் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால், மந்திரத்தால் ஓர் ஆண் தவசியின் உருவம் எடுத்துக்கொண்டுதான் போகிறாள். கதைதான். ஆனால் கதை கட்டியவன் தன் காலத்து நடப்பைத்தான் கட்டினான். படிப்பதற்கு ஒரு பெண் ஆண் வேடம் போட வேண்டியிருந்தது! ரிங் பிரேம் தொழிலாளியின் மகளுக்கு இன்று அந்த வேடம் வேண்டியதில்லை. மனுப் போட்டால் போதும்.

இன்னொன்று, அந்தப் பூதவாதி. அவர் யார்? நம்முடைய பாட்டனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுள் இல்லை, மறுபிறப்பு இல்லை, மண்ணும் நீரும் நெருப்பும் காற்றும் கூடிப் பிரிவதுதான் உலகம் என்றவர். பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்து ஊறப்போட்டால் இரண்டிலும் இல்லாத போதை பிறக்கிறதல்லவா? அதுபோல ஜடப் பொருள்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்று உவமை சொல்கிறார். கள் இறக்குகிறவனுக்கும் சாராயம் காய்ச்சுகிறவனுக்கும் உடனே விளங்குகிற உவமை! மணிமேகலை அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். கண்ணால் கண்டதே பிரமாணம் என்கிறாயே, உன் தாய் தந்தை இன்னார் என்று எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். பௌத்தக் காப்பியம், பௌத்தம்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் எதிராளியின் வாதத்தையும் எழுதி வைத்தார்கள் பாருங்கள். அதுதான் இன்று நமக்குப் பயன்படுகிறது.

ஏனென்றால் பழைய இந்தியாவின் பொருள்முதல்வாதிகள், லோகாயதர்கள், எழுதிய நூல்கள் அனேகமாக எல்லாம் அழிந்துபோயின. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அவர்களைத் திட்டியவர்களின் ஏடுகளில்தான் மிச்சம் இருக்கிறது. 1959இல் வங்கத்து அறிஞர் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா லோகாயதம் பற்றிய பெரும் நூலை வெளியிட்டார். வேதங்கள், உபநிஷத்துகள், தந்திரங்கள், பௌத்த சமண ஏடுகள் என்று அத்தனையையும் சல்லடையில் போட்டுச் சலித்துத்தான் அதை எழுதினார். மத நூலைத் தொட மாட்டேன் என்றிருந்தால் நம் பாட்டனாரின் முகமே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். மாமனுக்கு என் பதிலில் பாதி இதுதான்.

கொங்கு நாட்டுக்காரர்கள் ஒன்றை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பெருந்துறையைத் தாண்டி விஜயமங்கலத்தில் சமணக் கோயில் நிற்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர், சமணர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைப் படாதபாடு படுத்துகிற நன்னூல் இருக்கிறதே, அதை எழுதிய பவணந்தியும் சமண முனிவர். அவர் சீனாபுரத்தார் என்று அந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள். நாம் எழுதும் தமிழுக்கு இலக்கணம் வகுத்தவன் எந்த மதம் என்று கேட்டால் நமக்கே தெரியாது. போகட்டும்.

இப்போது பண்ணையத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், எங்களுக்கு என்னங்க?" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. உங்களுக்குத்தான் இதில் முதல் பாத்தியதை. சொல்கிறேன், கேளுங்கள்.

பீகாரில் நாலந்தா என்ற பழைய சர்வகலாசாலை இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்து யாத்திரிகர் யுவான் சுவாங் அங்கே வந்து படித்தார். அவருக்குப் பாடம் சொன்ன சீலபத்திரர், நம் காஞ்சிபுரத்தில் பிறந்த தர்மபாலரின் மாணவர். தமிழ்நாட்டுப் பிள்ளை நாலந்தாவில் தலைமை ஆசிரியராக இருந்திருக்கிறார், பெருமைதான். வாசலிலேயே பரீட்சை வைப்பார்கள். பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் திரும்பிப் போக வேண்டியதுதான் என்று யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். பிறகு வந்த இன்னொரு சீன யாத்திரிகர் ஈ சிங், அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிக்ஷுக்கள் இருந்தார்கள், அந்த மடத்துக்கு 200க்கு மேற்பட்ட கிராமங்கள் சொந்தம் என்று குறித்தார்.

200 கிராமங்கள்! மூவாயிரம் பேர் உட்கார்ந்து துக்கம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து ஆராய்வதற்காக 200 கிராமத்துக்காரர்கள் குனிந்து நாற்று நட்டார்கள். ஆராய்ச்சியை நான் கேலி செய்யவில்லை. அதில் பொன்னான விஷயங்கள் உண்டு. ஆனால் அந்தக் கணக்கையும் சேர்த்துப் படிப்பதுதான் முழுப் படிப்பு.

இங்கேயும் அதே கதைதான். ராஜராஜ சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விஹாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயைச் சோழன் எழுதி வைத்தான். சுமார் 1006இல். லெய்டன் செப்பேடு என்று வழங்கும் சாசனத்தில் அது பதிவாகியிருக்கிறது. வருஷத்துக்கு எண்ணாயிரம் கலத்துக்கு மேல் நெல். அதை அளந்த மரக்கால் யாருடையது, விளைவித்த கை யாருடையது? சைவம் என்றால் தேவதானம், சமணம் பௌத்தம் என்றால் பள்ளிச்சந்தம், பிராமணர் என்றால் பிரமதேயம். பெயர்தான் மூன்று, களத்துமேட்டில் நிற்கிறவன் ஒருவன்தான். மதங்களைப் படிக்க நம் வீட்டுப் பிள்ளை போனால் அவளுக்கு இந்தச் செப்பேட்டில் நெல் கண்ணில் படும். மற்றவர்களுக்குச் சுலோகம் மட்டும்தான் படும். அதனால்தான் போகச் சொல்கிறேன்.

போகவிடாமல் தடுத்த சரித்திரம் பெரியது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரம் விதி செய்தது. அந்த விதியை எத்தனை பேர்மேல் நிறைவேற்றினார்களோ, பயம் என்னவோ இரண்டாயிரம் வருஷம் வேலை செய்தது. டாக்டர் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், தீண்டாத ஜாதிப் பிள்ளை என்பதால் கற்பிக்க மறுத்தார்கள், பாரசீகம் எடுத்துக்கொண்டார். பிற்பாடு தானாகவே சமஸ்கிருதம் பயின்று, சூத்திரர் யார் என்று 1946இல் நூல் எழுதி, 1956இல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். புத்தரைப் பற்றிய அவரது பெரிய நூல் அவர் இறந்த மறு வருஷம், 1957இல் வெளிவந்தது. கதவைச் சாத்தினவர்கள் வாயடைக்கும்படி அவர் உள்ளே நுழைந்தார்.

எல்லாம் பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2019 நவம்பரில் காசி இந்து சர்வகலாசாலையில் பிரோஸ் கான் என்ற சமஸ்கிருத அறிஞரை ஆசிரியராக நியமித்தார்கள். தகுதியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முஸ்லிம் எங்கள் தர்மத் துறையில் பாடம் சொல்லக் கூடாது என்று ஒரு பகுதி மாணவர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நிர்வாகம் நியமனம் சரிதான் என்றது. கடைசியில் டிசம்பரில் அவர்தான் விலகி, கலைத் துறையின் சமஸ்கிருதப் பிரிவுக்குப் போக வேண்டி வந்தது. யார் படிப்பது, யார் கற்பிப்பது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நம் மாகாணத்தில் அந்தக் கதவை வெளியிலிருந்து தட்டியவர்களில் சிலரைச் சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் வாழ்ந்து சபை நடத்தியவர். 1898இல் கொழும்பு சென்று பௌத்த தீட்சை பெற்று, சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கம் அமைத்தார். 1907இல் காலணாப் பத்திரிகையாகத் 'தமிழன்' நடத்தினார். கோலார் தங்க வயல் சுரங்கத் தொழிலாளர்கள் அதை வாங்கிப் படித்தார்கள். பட்டமா பெற்றார்? பூமிக்கடியில் வேலை செய்தவர்கள் மேலே வந்து மண்ணெண்ணெய் விளக்கில் பௌத்த ஆராய்ச்சி படித்தார்கள், தோழர்களே!

அதே காலத்தில் பேராசிரியர் லட்சுமி நரசு. விஞ்ஞானம் கற்பித்தவர். புத்தரின் போதனையை விஞ்ஞான அறிவோடு உரசிப் பார்த்து 1907இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பின்னால் அதை மறுபதிப்புச் செய்தபோது அம்பேத்கரே முன்னுரை எழுதினார். இவர்களோடு பௌத்த சங்கத்தில் இருந்த இன்னொருவர் யார் தெரியுமா? ம. சிங்காரவேலர். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றிய அதே சிங்காரவேலர்தான். அவர் மார்க்சியத்துக்கு வந்து சேர்ந்த வழியில் பௌத்தம் ஒரு சத்திரம். மூன்று பேரும் ஒத்துப்போனார்கள் என்று சொல்ல மாட்டேன்; நன்றாகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். படித்தவர்கள் சண்டை போடத்தான் செய்வார்கள்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல நினைத்த மனிதர் வேறொருவர். அவர் பெயர் ராகுல சாங்கிருத்தியாயன். கண. முத்தையா தமிழில் தந்த 'வால்காவிலிருந்து கங்கை வரை' புத்தகத்தின் மூல ஆசிரியர் என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். அந்தப் புத்தகம் இந்தப் படிப்பகத்திலேயே எத்தனை தடவை பைண்டு செய்யப்பட்டது என்று நூலகத் தோழரைக் கேளுங்கள்.

ராகுலர் 1893இல் உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் ஜில்லாவில் பிறந்தார். இயற்பெயர் கேதார்நாத் பாண்டே. பிராமணக் குடும்பம், ஆனால் ஏழை விவசாயக் குடும்பம். உருது மிடில் பரீட்சையோடு பள்ளிப் படிப்பு சரி. நான் மெட்ரிகுலேஷன் படித்தவன். அந்த மட்டில் மகாபண்டிதரைவிட இரண்டு வகுப்பு அதிகம் படித்திருக்கிறேன்! வீட்டை விட்டு ஓடிப்போனார். பீகாரில் பர்சா என்ற ஊர் வைணவ மடத்தில் சாது ஆனார். 1913 வாக்கில் நம் பக்கம் வந்து, சென்னைக்கு அருகே திருமழிசையில் தங்கி வைணவ நூல்கள் படித்தார். அதில் நிறைவு ஏற்படவில்லை. ஆரிய சமாஜத்துக்குப் போனார், ஆக்ராவில் அரபியும் கற்றார். காந்தியின் ஒத்துழையாமை வந்தது, ஜெயிலுக்குப் போனார். அவர் வாழ்க்கையில் ஜெயில்தான் பெரிய கல்லூரி.

1927இல் இலங்கை போனார். கொழும்புக்குப் பக்கத்தில் களனியில் வித்யாலங்கார பிரிவேனா என்று பிக்ஷுக்கள் நடத்தும் கல்விச்சாலை. அங்கே ஒரு பண்டமாற்று நடந்தது. இவர் பிக்ஷுக்களுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுப்பார். அவர்கள் இவருக்குப் பாலி மொழியும் திரிபிடகமும் சொல்லிக் கொடுப்பார்கள். சம்பளம் இல்லை, பீஸ் இல்லை. ஒன்றரை வருஷத்தில் திரிபிடகாச்சாரியார் என்ற பட்டம் பெற்றார்.

அப்போதுதான் ஒரு விஷயம் அவர் மனதைக் குடையத் தொடங்கியது. இந்தியாவில் எழுதப்பட்ட பௌத்தத் தத்துவ நூல்கள் இந்தியாவில் இல்லை. நாலந்தா அழிந்தபோது போனவை போக, மிஞ்சியவை திபெத்து மடங்களில் முடங்கிக் கிடக்கின்றன. பிரிட்டிஷ் சர்க்கார் அனுமதி தராது. கையில் காசு கிடையாது. என்ன செய்தார்? வேடம் மாறி, நேபாளம் வழியாக நடந்தே போனார். 1929இல் லாசா போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் கோவேறு கழுதைகளின்மேல் புத்தகங்களையும் ஓவியங்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். அவை பாட்னா மியூசியத்துக்குப் போயின. திரும்பியதும் இலங்கையில் பிக்ஷுவானார். ராகுலர் என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

1934, 1936, 1938 என்று இன்னும் மூன்று தடவை போனார். குளிரில், இருட்டு அறைகளில், தூசியில் பனையோலை ஏடுகளைப் புரட்டினார். எடுத்து வரக்கூடாது என்று மடத்தார் தடுத்த இடத்தில் உட்கார்ந்து கையால் பிரதி எடுத்தார். முடிந்த இடத்தில் போட்டோ பிடித்தார். அப்படிக் கிடைத்ததில் தலையாயது தர்மகீர்த்தியின் பிரமாண வார்த்திகம். ஏழாம் நூற்றாண்டுத் தர்க்க நூல். அதை இயற்றிய தர்மகீர்த்தி தென்னாட்டுக்காரர் என்று திபெத்தில் சொல்லுகிறார்கள். தர்க்கத்தைத் தீட்டித் தீட்டிக் கூர்மையாக்கி, ஜாதிப் பெருமையையும், தீர்த்தத்தில் முழுகினால் புண்ணியம் என்பதையும் மூடத்தனம் என்று எழுதிவைத்தவர். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால்! அந்த மூலநூல் இந்திய மண்ணில் காணாமல் போய், ஒரு மிடில் ஸ்கூல் படித்த சாமியாரின் கையால் திரும்பி வந்து, 1938இல் பாட்னாவில் அச்சேறியது.

1937 கடைசியில் சோவியத் யூனியன் அழைத்தது. லெனின்கிராடில் ஸ்செர்பட்ஸ்கி என்ற பேராசிரியர் இருந்தார். பௌத்தத் தர்க்கத்தைப் பற்றி இரண்டு பெரிய வால்யூம்கள் எழுதியவர். இந்திய மத ஆராய்ச்சியில் உலகம் வணங்கிய பெயர். தொழிலாளி ராஜ்யத்தில் புத்தரைப் பற்றி ஆராய்ச்சியா என்று சிலர் அப்போதும் மூக்கின்மேல் விரல் வைத்திருப்பார்கள். கோவாக்காரரான தர்மானந்த கோசாம்பியும் 1929 வாக்கில் அங்கே போய் வந்தவர். அவர் தத்துவம் தேடி வீட்டை விட்டுப் போய், இலங்கையில் பாலி கற்று, அமெரிக்காவின் ஹார்வார்டில் பழைய பௌத்த நூலைப் பதிப்பிக்க உதவியவர். திரும்பி வந்து என்ன செய்தார் தெரியுமா? பம்பாயில் மில் தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில் பகுஜன விஹாரம் என்று ஒன்று அமைத்தார். கற்றதை மில் வாசலுக்கே கொண்டுவந்தார். கட்டடச் செலவு பிர்லாவுடையது என்பது தனிக் கதை. நாலந்தா காலத்து 200 கிராமத்து விவகாரம் இருபதாம் நூற்றாண்டில் எடுத்த அவதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராகுலரிடம் திரும்புவோம். நான்காவது திபெத்து யாத்திரை முடிந்த சூட்டோடு, 1939 பிப்ரவரியில், பீகாரில் சாரண் ஜில்லா அம்வாரி கிராமத்தில் விவசாயிகள் பக்கம் நின்றார். நிலம் குடியானவனுக்கு என்று சொல்லிக் கரும்பு வெட்ட இறங்கினார். ஜமீன்தாரின் ஆள் தடியால் மண்டையில் அடித்தான். ரத்தம் கொட்டியது. அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவரைப் போலீஸ் பிடித்தது. கையில் விலங்கு மாட்டியது. தர்மகீர்த்தியை மீட்டு வந்த கை அது! அந்த வருஷமே பீகாரில் கம்யூனிஸ்ட் கட்சி அமைத்தவர்களில் ஒருவரானார். 1940இல் அகில இந்திய கிசான் சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநாடு கூடுவதற்குள் பிடித்து உள்ளே போட்டார்கள். தேவலி முகாமிலும் ஹஜாரிபாக் ஜெயிலிலும் இருந்தபோதுதான் உலகத் தத்துவங்கள் அனைத்தையும் அளந்து பார்க்கும் 'தர்சன் திக்தர்சன்' எழுதினார். 'வால்காவிலிருந்து கங்கை வரை'யும் சிறையில் பிறந்ததுதான்.

அவரைப் பூஜை செய்யச் சொல்லவில்லை. 1947 டிசம்பரில் ஹிந்தி சாகித்திய சம்மேளனத்தில் மொழியைப் பற்றியும் முஸ்லிம்களைப் பற்றியும் அவர் பேசியதைக் கட்சி ஏற்கவில்லை. திருத்த மறுத்து வெளியே போனார், 1955இல்தான் திரும்பினார். ஹிந்தி விஷயத்தில் அவர் நின்ற இடத்தில் தமிழன் நிற்க முடியாது என்பதை நானும் சொல்லிவிடுகிறேன். பெரிய அறிஞனுக்கும் சறுக்கும் இடம் உண்டு.

ஆனால் இதைப் பாருங்கள். பட்டம் இல்லை என்பதால் இந்திய சர்வகலாசாலைகள் அவருக்கு ஆசிரியர் நாற்காலி தரவில்லை. லெனின்கிராட் சர்வகலாசாலை 1945 முதல் 1947 வரை தந்தது. களனியில் தான் பாலி கற்ற அதே வித்யாலங்காரம் 1959இல் சர்வகலாசாலை ஆனபோது, தத்துவப் பேராசிரியராக அவரைத்தான் கூப்பிட்டது. 1963 ஏப்ரலில் டார்ஜிலிங்கில் காலமானார். கடைசி ஒன்றரை வருஷம் நினைவாற்றல் போய்விட்டது. இத்தனை மொழி கற்ற மனிதருக்கு!

இனித் தாயார் கேட்டதற்கு வருகிறேன். சோறு போடுமா?

நாசூக்காகப் பேசாமல் உள்ளதைச் சொல்கிறேன். டிப்ளமா படித்து பம்பு செட் கம்பெனியில் சேருகிற வேகத்தில் இது சோறு போடாது. சென்னை சர்வகலாசாலையில் தத்துவத் துறை, சைவ சித்தாந்தம், வைணவம், சமணம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. பீகாரில் புதிய நாலந்தா சர்வகலாசாலையில் பௌத்தமும் ஒப்பீட்டுச் சமயமும் எம்.ஏ.வாகப் படிக்கலாம். களனியில் 1975இல் பாலி, பௌத்த மேற்படிப்புக்கென்றே நிலையம் தொடங்கினார்கள். எம்.ஏ. முடித்துத் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து அந்தத் தொகை. தத்துவம், ஒப்பீட்டுச் சமயம், பௌத்த சமணப் படிப்பு எல்லாம் அந்தத் தேர்வில் பாடமாக உண்டு. ஆனால் தேறுகிறவர் கொஞ்சம்; அதற்குப் பிறகு நிரந்தர வேலை கிடைப்பவர் அதிலும் கொஞ்சம். இதைச் சொல்லாமல் பிள்ளையை அனுப்பச் சொன்னால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

படிப்பு மட்டும் கதவைத் திறந்துவிடாது என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2006இல் அனைத்து ஜாதியினரும் அர்ச்சகராகலாம் என்று தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. 2007இல் பழனி உட்பட ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். இருநூறுக்கு மேற்பட்ட வாலிபர்கள் ஆகமமும் மந்திரமும் படித்துத் தேறினார்கள். பிறகு கோர்ட்டு, வழக்கு, வாய்தா. அவர்களில் 24 பேருக்கு மொத்தமாக வேலை உத்தரவு கிடைத்தது 2021 ஆகஸ்டு 14இல். பதின்மூன்று வருஷம்! இடையில் எத்தனை பேர் வேறு வேலை பார்த்து வயிறு கழுவினார்களோ. அவர்களுக்காகக் கோர்ட்டிலும் தெருவிலும் நின்றவர்கள் இருந்ததால் அந்த மட்டுமாவது நடந்தது.

ஆகவே தகப்பனாரிடம் நான் சொன்னது இதுதான். பிள்ளையை அனுப்புங்கள். கூடவே பி.எட். படிக்கச் சொல்லுங்கள், தேர்வாணையப் பரீட்சையும் எழுதட்டும், சோற்றுக்கு அது. பாலியோ சமஸ்கிருதமோ ஒரு பழைய மொழியைக் கட்டாயம் கற்கட்டும். மொழி தெரியாமல் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால் சாப்பாட்டை அடுத்தவன் மென்று ஊட்டுவதுபோல்தான். கல்வெட்டு வாசிக்கப் பழகட்டும். எந்தத் துறையில் சேருகிறாளோ அங்கே பூதவாதிக்கும் தர்மகீர்த்திக்கும் பாடத்தில் இடம் இருக்கிறதா, சங்கரரோடு நின்றுவிடுகிறதா என்று பார்க்கட்டும். காசியில் 2022 ஜனவரியில் இந்து மதப் படிப்பு என்றே புதிய எம்.ஏ. ஆரம்பித்திருக்கிறார்கள். அதிலும் சேரலாமா என்று கேட்டார். சேரட்டும், கேள்வி கேட்கிற பிள்ளைகள் இல்லாத வகுப்பு பஜனை மடம் ஆகிவிடும் என்றேன்.

மாமனுக்கு மிச்சம் வைத்த பாதிப் பதிலைச் சொல்லி முடிக்கிறேன். 1997 நவம்பர் கடைசியில் இந்தக் கோவை நகரில் நடந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போலீஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைச் சாக்காக வைத்துக் கலவரம். முஸ்லிம் மக்கள் 18 பேர் உயிர் இழந்தார்கள். ஒப்பணக்கார வீதியில் கடைகள் சூறையாயின. 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்து 50 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒரே ஷிப்டில் ஒரே பானைத் தண்ணீர் குடித்தவர்கள், அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிய நாட்கள் அவை. அன்றைக்குத் தெருவில் தீ வைத்தவனுக்குத் தன் மதத்து நூல் ஒன்றிலும் ஒரு பக்கம்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் அவனை ஏவிவிட்டவன் எந்தக் கதையைச் சொன்னால் எவன் ரத்தம் கொதிக்கும் என்று நன்றாகப் படித்து வைத்திருந்தான். அவன் ஒருவன் மட்டும் படிக்கட்டும், நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடலாமா மாமா?

அந்தப் பெண் இன்று இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. விண்ணப்பம் போட சென்னைக்கு ரயில் ஏறியிருக்கிறாள் என்று தகப்பனார் இப்போது காதோடு சொன்னார். மணி எட்டரை ஆகிறது. ராத்திரி ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் எழுந்து போகலாம். மற்றவர்களுக்கு மணிமேகலையின் அந்த இருபத்தேழாவது காதையை உரையோடு வாசித்துக் காட்டப் பண்டிதர் ஒருவரை அழைத்து வைத்திருக்கிறோம். சந்தேகம் கேட்க விரும்புகிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள்.